பத்து வயது மகனைப் பேராலயப் பாடகர் குழுவில் சேர்க்கலாமா?

உலு சிலாங்கூர் அப்பா:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மலேசியாவில் பத்தாங் காலிக்கு அருகில், ஒரு காலத்தில் பால்மரக் காடாக இருந்து இப்போது முழுவதும் செம்பனையாகிவிட்ட தோட்டத்தை ஒட்டிய சிற்றூரில் குடியிருக்கிறோம். நான் லாரிப் பட்டறையில் வேலை செய்கிறேன். மனைவி எண்ணெய் ஆலையின் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறார். மகனுக்குப் பத்து வயது, தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கிறான். மகளுக்கு எட்டு வயது, அவளும் பாடுவாள்.

எங்கள் சிற்றாலயத்தில் மாதத்தின் இரண்டாம், நான்காம் ஞாயிறுகளில் மட்டுமே தமிழ்த் திருப்பலி உண்டு. பாடகர் குழு என்று சொல்லிக்கொள்வோமே தவிர, மகனையும் சேர்த்து மொத்தம் ஏழு பேர்தாம். அவர்களில் நால்வர் அறுபதைத் தாண்டியவர்கள். ஆர்மோனியம் வாசிப்பவர் என் பெரியப்பா. மகன் நடக்கக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து அந்த ஆர்மோனியத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று வளர்ந்தவன்.

அண்மையில் கோலாலம்பூரில் உறவினர் ஒருவரின் திருமணத் திருப்பலியில் அவன் பதிலுரைப் பாடலை (வாசகத்துக்குப் பின் பாடுவதை) தனியாகப் பாடினான். அங்கே விருந்தினராக வந்திருந்த பேராலயப் பாடகர் குழுவின் பயிற்றுநர், திருப்பலி முடிந்ததும் எங்களைத் தேடி வந்து, இந்தக் குரலை வீணாக்காதீர்கள், சனிக்கிழமை அழைத்து வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி நேரம் பயிற்சி. ஞாயிறு காலை ஆங்கிலத் திருப்பலிக்கு முக்கால் மணி நேரம் முன்பே வந்துவிட வேண்டும். புனித வாரத்தில் ஒரு நாளும் தவறக்கூடாது. கட்டணம் எதுவும் இல்லை.

வீட்டிலிருந்து பேராலயம் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். வாரத்திற்கு இருமுறை போய் வந்தால் 200 கிலோமீட்டர். என் மைவி கார் 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடிக்கும் என்று வைத்தாலும் வாரம் 14 லிட்டர் ஆகிறது. கொமுட்டர் ரயிலிலும் போகலாம்; ஆனால் ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் நிலையத்தில் உட்கார வேண்டும். மனைவிக்குப் பணத்தைவிட வேறு கவலை. சனிக்கிழமைதான் மகன் கணிதத்திற்கும் மலாய்க்கும் தனி வகுப்புக்குச் செல்லும் நாள். இதற்கிடையில் என் மைத்துனர், பேராலயப் பாடகர் குழுவில் சேரும் பிள்ளைகளுக்கு விடுதியோடு கூடிய பள்ளியும் கட்டணச் சலுகையும் கிடைக்கும் என்று இங்கிலாந்தைப் பற்றிய செய்திகளை அனுப்பிக்கொண்டே இருக்கிறார்.

மகனிடம் கேட்டேன். அவன் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, "நான் அங்கே போய்விட்டால் பெரிய தாத்தா தனியாகவா பாடுவார்?" என்று மட்டும் கேட்டான். அதற்கு என்னிடம் பதில் இல்லாததால்தான் இங்கே எழுதுகிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய சோப்ரானோ:

வணக்கம், சகோதரரே. நான் தெற்கே ஒரு தோட்டத்தில் பிறந்தவள். ஒன்பது வயதில் ஒரு பேராலயத்தின் பாடகர் குழுவில் சேர்ந்து, திருமணமாகி வேறு ஊருக்கு வரும்வரை பாடியவள். ஆகவே நான் நடுநிலையானவள் அல்லள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் சேரவிருக்கும் இடம் எத்தகையது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பேராலயம் என்றால் பெரிய ஆலயம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். கட்டடத்தின் அளவுக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. ஆயருடைய இருக்கை அங்கே இருப்பதுதான் காரணம். இருக்கையைக் குறிக்கும் 'கதேட்ரா' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்தே கதீட்ரல் என்பது வந்தது. இதைப் புலமைக்காகச் சொல்லவில்லை. ஆயர் தலைமையேற்கும் வழிபாடுகள் எல்லாம் அங்கே வந்து சேர்வதால், சாதாரணப் பங்குக் குழுவுக்கு இல்லாத வேலை அந்தக் குழுவுக்கு உண்டு. குருக்களின் திருநிலைப்பாடு, ஆண்டுதோறும் எண்ணெய்களை மந்திரிக்கும் திருப்பலி போன்றவை வார நாள்களில்கூட வரும். "சனி, ஞாயிறு மட்டும்" என்று பயிற்றுநர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், கடந்த ஓராண்டின் அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

புனித வாரத்தைக் கணக்கிடுங்கள்: குருத்து ஞாயிறு, பெரிய வியாழன், பெரிய வெள்ளி, பாஸ்கா திருவிழிப்பு, உயிர்ப்பு ஞாயிறு என எட்டு நாள்களில் ஐந்து வழிபாடுகள். சபாவிலும் சரவாக்கிலும் பெரிய வெள்ளி பொது விடுமுறை, தீபகற்பத்தில் இல்லை. அன்று பள்ளி நடந்தால் நீங்கள் விடுப்புக் கடிதம் எழுத வேண்டும், அல்லது பள்ளி முடிந்த கையோடு சீருடையைக் காரிலேயே மாற்றிக்கொண்டு ஓட வேண்டும். நாங்கள் இரண்டையும் செய்திருக்கிறோம்.

இவ்வளவு சிரமத்திற்கும் என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். தவக்காலத்து ஞாயிறுகளில் 'உன்னதங்களிலே' என்ற புகழ்ப்பாடலைப் பாடுவதில்லை; அல்லேலூயாவோ தவக்காலம் முழுவதும் இல்லை. பெரிய வியாழனன்று மணிகள் ஒலிக்க 'உன்னதங்களிலே' ஒருமுறை பாடிவிட்டு, ஆர்கனை மூடிவிடுவார்கள். பிறகு இரண்டு நாள் வாத்தியமே இல்லாமல் வெறுங்குரலில் பாட வேண்டும். சுருதியை விட்டு இறங்கினால் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லை. பாஸ்கா இரவில் விளக்குகள் அணைந்த ஆலயத்துக்குள் ஒற்றை மெழுகுத்திரி வரும். பழைய ஏற்பாட்டு வாசகங்கள் முழுமையாக வாசிக்கப்பட்டால் ஏழு. ஒவ்வொன்றுக்கும் பின் ஒரு பாடல். பத்து வயதுப் பிள்ளைக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றும். அப்போது திடீரென்று விளக்குகளும் மணிகளும் ஆர்கனும் ஒரே நேரத்தில் திறந்துகொள்ள, 'உன்னதங்களிலே' என்று எழும் அந்த முதல் ஒலியில் நம் குரலும் ஒன்றாக இருப்பதை எனக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நாற்பது வயதைத் தாண்டிவிட்டேன். அந்த இடம் இன்னும் மங்கவில்லை. அந்த இரவுகளில் அப்பா என்னைக் காரிலிருந்து தூக்கிக்கொண்டுதான் வீட்டுக்குள் போவார்.

மேடைக்கூச்சம், ஆங்கிலம் போன்றவற்றைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நான் சேர்ந்தபோது எனக்கு ஆங்கிலத்தில் வணக்கம் சொல்லத் தெரியும், அவ்வளவுதான். பாட்டில் வரும் மொழி வேறு வழியில் வந்து சேரும். 'கீரியே எலேய்சோன்' (ஆண்டவரே, இரக்கமாயிரும்) கிரேக்கம் என்பது அங்கே பாடிய பெரியவர்கள் பலருக்கே தெரியாது. லத்தீன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்றைக் கட்டாயம் கேளுங்கள், கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். பயிற்சியின்போது எப்போதும் குறைந்தது இரண்டு பெரியவர்கள் இருக்கிறார்களா, பெற்றோர் விரும்பினால் பின் வரிசையில் உட்காரலாமா, உடை மாற்றும் இடத்தைக் கவனிப்பவர் யார், பிள்ளைகளுக்குத் தனிப்பட்ட முறையில் வாட்சாப் அனுப்புவதற்குத் தடை உண்டா என்று கேளுங்கள். சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் குறித்து 2017-ஆம் ஆண்டில் நம் நாட்டில் தனிச் சட்டமே வந்துவிட்டது. பிள்ளையின் நம்பிக்கைக்குரிய நிலையில் இருப்பவர் தவறு செய்தால் அதற்குக் கூடுதல் தண்டனையையும் அது சொல்கிறது. நல்ல குழுவாக இருந்தால் இந்தக் கேள்விகளுக்கு விடை தயாராக இருக்கும். முகம் சுளித்தால் அன்றே திரும்பிவிடுங்கள்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய ஓர் இடம். "மகளுக்கு எட்டு வயது, அவளும் பாடுவாள்" என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். அவளைப் பற்றி ஏன் கேட்கவில்லை? 1903-இல் பத்தாம் பத்திநாதர் என்ற திருத்தந்தை, வழிபாட்டுப் பாடகர் குழுவில் பெண்களுக்கு இடமில்லை, மேல்குரலுக்குச் சிறுவர்களையே பயன்படுத்த வேண்டும் என்று எழுதினார். அந்த விதி மறைந்து எத்தனையோ காலம் ஆகிறது. ஆனால் பேராலயம் என்றவுடன் மகனை மட்டும் நினைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் மறையவில்லை போலும்.

வெளிநாட்டில் ஒரு தாதி:

உங்கள் மைத்துனர் அனுப்பும் செய்திகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அண்ணா. நான் இங்கிலாந்தில் மருத்துவமனையில் வேலை செய்கிறேன்; மாலை வழிபாடு கேட்பதற்காகப் பேராலயங்களுக்குச் செல்வதுண்டு. இங்கே பல பேராலயங்களில் பாடகர் குழுப் பிள்ளைகளுக்கெனப் பள்ளிகள் இருப்பதும், ஏறக்குறைய எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வரை அவர்கள் பாடுவதும், பள்ளிக் கட்டணத்தில் ஒரு பகுதியைப் பேராலயம் ஏற்றுக்கொள்வதும் உண்மைதான். ஆனால் அந்தப் பிள்ளைகள் வாரத்தில் பல நாள்கள் பாடுகிறார்கள். கிறிஸ்துமஸ் நாளன்றுகூடப் பாடி முடித்த பிறகுதான் வீட்டுக்குப் போகிறார்கள். அது பல நூற்றாண்டுகளாக அந்த நாட்டில் வேரூன்றிய ஏற்பாடு. நம் ஊரில் உள்ளவை தன்னார்வத்தில் நடக்கும் குழுக்கள். இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் நீங்கள் ஏமாந்துவிடுவீர்கள். பெண் பிள்ளைகளைப் பற்றி அக்கா எழுதியது இங்கேயும் பொருந்தும். சால்ஸ்பரி பேராலயம் 1991-இல்தான் சிறுமியருக்கெனத் தனிக் குழுவைத் தொடங்கியது. அதன் பிறகே மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பின்தொடர்ந்தார்கள்.

ஓய்வுபெற்ற இசையாசிரியர்:

தம்பி, உங்கள் மகனின் குரலைப் பற்றிச் சில செய்திகள். மற்றவற்றை மற்றவர்கள் சொல்வார்கள்.

அவனுக்குப் பத்து வயது. மகரக்கட்டு விழுந்து குரல் உடைவது பெரும்பாலான சிறுவர்களுக்குப் பன்னிரண்டிலிருந்து பதினான்கு வயதுக்குள் நிகழ்கிறது. குரல்வளை பெரிதாகி, குரல்நாண்கள் நீண்டு தடிப்பதால் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி (ஒரு 'ச'விலிருந்து அடுத்த 'ச' வரையுள்ள அளவு) கீழே இறங்கிவிடும். ஆகவே நீங்கள் கேட்கும் அந்த மேல்குரலுக்கு இன்னும் இரண்டு, மூன்று ஆண்டுகளே ஆயுள். "படிவம் ஒன்றுக்கு, இடைநிலைப் பள்ளிக்குப் போகட்டும், பிறகு பார்க்கலாம்" என்று ஒத்திப்போடுவதற்கு இடமில்லை. சேர்த்தால் இப்போது சேர்க்க வேண்டும். இல்லையென்றால் முடிவாகவே வேண்டாம் என்று விட்டுவிட வேண்டும்.

ஆனால் இதே காரணத்தால், சேர்ப்பதற்கு முன்பே வெளியேறும் நாளைப் பற்றியும் கேட்க வேண்டும். ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடன், 1732-இல் ரோராவ் என்ற கிராமத்தில் வண்டிச்சக்கரம் செய்பவரின் மகனாகப் பிறந்தவர். எட்டு வயதளவில் அவருடைய குரலைக் கேட்டு வியன்னாவின் புனித ஸ்தேவான் பேராலயத்துக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே பாட்டு உண்டு, வயிற்றுக்குச் சோறு போதாது. குரல் உடைந்ததும், பதினேழு வயதளவில், கையில் காசில்லாமல் தெருவில் விட்டார்கள். அவர் பின்னால் பெரிய மனிதரானார் என்பதற்காக அந்தத் தெருவை நாம் மறந்துவிடக்கூடாது. அவ்வளவு தொலைவு போவானேன்? நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாலர் நாடக சபைகளில் பெண் வேடம் கட்டிப் பாடிய பையன்கள் எத்தனை பேர், மகரக்கட்டு வந்த மாதமே ஊருக்குத் திரும்பினார்கள்! என் தாத்தா வழியில் ஒருவர் அப்படித் திரும்பியவர்தாம். பிறகு கப்பலேறிப் பால்மரம் சீவ வந்தார்.

ஆகவே பயிற்றுநரிடம் நேராகக் கேளுங்கள்: குரல் மாறும் காலத்தில் பிள்ளையை என்ன செய்வீர்கள்? தாழ்ந்த வரியில், வலியில்லாத அளவில் மெல்லப் பாடவிட்டு, ஒன்றிரண்டு ஆண்டுகளில் ஆண் குரல்களின் வரிசைக்குக் கொண்டுபோகும் வழக்கம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால், அந்த ஓராண்டில் ஆர்கன் கற்கவாவது பக்கத்தில் உட்கார வைப்பார்களா என்று கேளுங்கள். "அப்போது பார்த்துக்கொள்வோம்" என்பது பதில் அன்று.

அடுத்தது பாடும் முறை. உங்கள் பெரியப்பா ஆர்மோனியத்தில் 5 கட்டையில் (ஐந்தாம் வெள்ளைக் கட்டையில்) சுருதி வைத்தால், பையன் தொடும் மேல் ஷட்ஜத்திலிருந்து, அதாவது மேல் 'ச'விலிருந்து, இன்னும் ஒரு முழு ஸ்தாயி மேலே போகும் பேராலயச் சிறுவர்களின் வரி. அதை மார்பிலிருந்து எழுப்பும் திறந்த குரலில் எட்ட முடியாது. எட்ட முயன்றால் தொண்டை கெடும். தலைக்குரலில், மெல்லிய ஊதலாக, பக்கத்திலிருப்பவனின் குரலோடு கரைந்துபோகும்படி பாடக் கற்பிப்பார்கள். ஏழு பேர் மத்தியில் ஆலயம் முழுவதையும் ஒற்றை ஆளாகத் தூக்கிச் சுமந்து பழகிய பிள்ளைக்கு, தன் குரல் தனியாகக் கேட்கக்கூடாது என்ற அந்தப் பாடம்தான் மிகக் கடினமானதாக இருக்கும். முதல் மூன்று மாதம் "எனக்குப் பாட வரவில்லை" என்று அழுதாலும் கலங்காதீர்கள். ஆனால் குரல் கரகரத்து இரண்டு, மூன்று வாரங்களுக்குமேல் தெளியாமல் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஐந்து கோட்டு இசைக்குறிப்பைப் படிக்க அவன் எளிதாகக் கற்றுக்கொள்வான். நாம் ஷட்ஜத்தை எந்தக் கட்டையிலும் வைத்துக்கொள்வதுபோல், அவர்களுடைய 'டோ'வையும் இடம் மாற்றிப் பாடும் முறை ஒன்று உண்டு. ச ரி க ம தெரிந்த பிள்ளைக்கு அது பாதி தெரிந்த பாடம்.

லயத்துப் பிள்ளை:

எல்லோரும் பையன் அங்கே என்ன பெறுவான் என்றே எழுதுகிறீர்கள். இங்கே என்ன போகும் என்பதை அந்தப் பையன் ஒருவன்தான் கேட்டிருக்கிறான்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பால்மரம் போய்ச் செம்பனை வந்து ஆள் தேவை குறைந்தபோதும், எங்கள் பக்கத்துச் சிற்றாலயங்கள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டதைப் பார்த்தவன் நான். கடைசித் திருப்பலிக்கு ஆள் இருந்தார்கள். பாட ஆள் இல்லை. ஏழில் நால்வர் அறுபதைத் தாண்டியவர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மிச்சமுள்ள மூவரில் ஒருவனை நகரத்துக்கு அனுப்புகிறீர்கள். அங்கே அவன் முப்பது பேரில் ஒருவன். இங்கே அவன் இல்லாவிட்டால் பதிலுரைப் பாடலே இல்லை.

என் தம்பியும் ஒரு நகரத்து ஆலயத்தின் குழுவில் பாடினான், பெயர் வேண்டாம். நான்கு ஆண்டுகள் அம்மா பேருந்தில் அழைத்துப் போனார். குரல் உடைந்த ஆண்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவனுடைய அங்கி வேறொரு பையன் மேல் இருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. திரும்பி எங்கள் தோட்டத்து ஆலயத்துக்கு வந்தான். ஆனால் அங்கே தெரிந்த தமிழ்ப் பாட்டுகள் மறந்துவிட்டன, புதியவை தெரியவில்லை. இன்றுவரை அவன் எங்கேயும் பாடுவதில்லை. ஆசிரியர் ஐயா எழுதிய கேள்வியை அன்று எங்களுக்குக் கேட்கத் தெரியவில்லை.

பழைய சோப்ரானோ:

தம்பியின் செய்தி மனத்தை வருத்துகிறது, சகோதரரே. என் குழுவிலும் அப்படி விடப்பட்ட பையன்கள் இருந்தார்கள் என்பதை நான் முன்பே எழுதியிருக்க வேண்டும். பெண்ணாக இருந்ததால் அந்த வாசலை நான் கடக்க நேரவில்லை, அதனால் மறந்துவிட்டேன்.

ஆனால் ஒரு சிற்றாலயத்தைத் தாங்கும் பொறுப்பைப் பத்து வயதுப் பிள்ளையின் தோளில் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மூத்தவர்கள் மறைந்த பிறகு இன்னும் பத்து ஆண்டுகளில் அங்கே யாராவது பாட வேண்டுமென்றால், இசைக்குறிப்பைப் படிக்கவும் பிறருக்குக் கற்பிக்கவும் தெரிந்த ஒருவர் வேண்டும். அவன் திரும்பி வருவான் என்பதற்கு உறுதி இல்லைதான். பெரியப்பாவுடன் மாதம் இரண்டு ஞாயிறு என்பதை விட்டுக்கொடுக்காமல் இருக்க முடியுமா என்று பயிற்றுநரிடம் பேசிப் பார்த்தீர்களா? முதலாம், மூன்றாம் ஞாயிறுகளில் உங்கள் ஊரில் தமிழ்த் திருப்பலி இல்லையே.

உலு சிலாங்கூர் அப்பா:

எழுதிய அனைவருக்கும் நன்றி. கடந்த இரண்டு வாரங்களில் நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில், அக்கா கேட்டது சரி. மகளைப் பற்றி நான் ஏன் எழுதவில்லை என்று மனைவியும் கேட்டார். இருவருக்கும் சொல்லும்படியான விடை என்னிடம் இல்லை. சனிக்கிழமை இருவரையும் அழைத்துக்கொண்டு பயிற்சியைப் பார்க்கச் சென்றோம். பெற்றோர் பின்னால் உட்காரத் தடையில்லை. பொறுப்பாளராக ஒரு பெண்மணியும் இருந்தார். மகன் அரைமணி நேரம் வாயே திறக்கவில்லை. பக்கத்தில் நின்ற பையன் தாளில் விரலை வைத்துக் காட்டிய பிறகுதான் சேர்ந்துகொண்டான். தன் குரலே தனக்குக் கேட்கவில்லை என்று இடைவேளையில் வந்து குறைப்பட்டான். ஆசிரியர் ஐயா எழுதியதை அப்போது நினைத்துக்கொண்டேன். மகளோ, யாரும் அழைக்காமலே முன்வரிசைக்கு நகர்ந்துவிட்டாள். எட்டு வயது நிறைந்தால் போதும் என்றார் பயிற்றுநர்.

குரல் மாறும்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் சற்று யோசித்து, தம்முடைய குழுவில் இப்போது அடிக்குரலில் பாடுகிறவர்களில் இருவர் சிறுவராக வந்தவர்கள் என்று சொல்லி, அவர்களை அழைத்துக் காட்டினார். மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டதற்கு, "போய்விட்டார்கள்" என்றார். மழுப்பாமல் சொன்னாரே என்று எனக்குத் தோன்றியது. மனைவிக்கு அப்படித் தோன்றவில்லை.

முதலாம், மூன்றாம் ஞாயிறு மட்டும் என்பதை அவர் உடனே ஏற்கவில்லை. பாதி ஞாயிறு வருகிறவர்களுக்குத் தனிப்பாடல் கொடுக்க முடியாது என்றும், கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்கும்வரை இப்படி நடக்கட்டும், அதன்பின் முழுமையாக வருவதா விடுவதா என்று நாங்களே சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். சனிக்கிழமைப் பயிற்சி தவறக்கூடாது. தனி வகுப்பை வெள்ளிக்கிழமை மாலைக்கு மாற்ற ஆசிரியை ஒப்புக்கொண்டுவிட்டார். பாஸ்கா இரவு எங்கே என்பதைப் பற்றி இன்னும் பேச்சே எடுக்கவில்லை. அன்று எங்கள் சிற்றாலயத்தில் வழிபாடு இல்லாததால் அதில் சண்டை வராது என்று நம்புகிறேன்.

பெரியப்பாவிடம் நான் போய்ச் சொல்வதற்கு முன்பே மகன் சொல்லிவிட்டான். அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் மாலை, இரண்டாம் ஞாயிற்றுக்கான பாடல்களைப் பழக வேண்டும் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவரையும் சேர்த்து அழைத்திருந்தார். அவர்களுக்குச் சுருதியே நிற்கவில்லை. லயத்துப் பிள்ளை அண்ணன் எழுதியதை நான் அவருக்குப் படித்துக் காட்டவில்லை. ஆனால் மகனுக்கு அவர் சொல்லிக்கொடுத்த தமிழ்ப் பாடல்களை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி, ராகத்தையும் கைப்பேசியில் பதிவு செய்து வைக்கும் வேலையைத் தொடங்கியிருக்கிறோம். இதுவரை நாற்பத்தொன்று ஆகியுள்ளன.

இப்போது மிச்சமிருப்பது பயணம். சனிக்கிழமைகளில் பிற்பகல் வேலை இருந்தால் நான் போக முடியாது. மனைவிக்கு நெடுஞ்சாலையில் ஓட்டத் தயக்கம். செரெண்டா, ரவாங் பக்கத்திலிருந்து பிள்ளைகளைக் கோலாலம்பூருக்குப் பாட்டுக்கோ வேறு வகுப்புக்கோ அழைத்துச் செல்லும் குடும்பம் எதுவும் இங்கே இருந்தால், எண்ணெய்ச் செலவைப் பகிர்ந்துகொண்டு மாதம் இரண்டு முறை நாங்களும் இரண்டு முறை நீங்களுமாக ஓட்டலாம், தயவுசெய்து எழுதுங்கள்.